பதினாலாவது நிமிஷம்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ரிச்சி தெரு நடைபாதையில் வாங்கினேன். உண்மையில் வாங்கியது பிளாப்பிதான். கதை கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

பிளாப்பி என்பது கம்ப்யூட்டரில் அடித்ததைச் சேமித்து வைக்கிற, உள்ளங்கை அகலமுள்ள சதுரத் தட்டு. ஆபீசிலும் வீட்டிலும் கழித்துப் போட்டதை மூட்டையாக அள்ளி வந்து, பழைய பெயர்ச்சீட்டின் மேலேயே புது வெள்ளைச் சீட்டு ஒட்டி, பத்துப் பத்தாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். கதை எழுதிச் சேமிக்க எனக்கு அது போதும். எழுத்தாளன் என்றாலே கஞ்சன்தான் என்பாள் என் மனைவி சூடாமணி. நான் முதலில் கஞ்சன், பிறகுதான் எழுத்தாளன் என்பதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

போன மாதம், ஐப்பசி மழை ஈரத்தில், ஒரு பிளாப்பியின் வெள்ளைச் சீட்டு தானே உரிந்து வந்தது. அடியில் பழைய சீட்டு. நீல மசி, டீச்சர்கள் எழுதுகிற மாதிரி உருண்டை எழுத்து. உச்சியில் சின்னதாக ஒரு சிலுவை. அதன் கீழே:

14/23. ராஜ். குரல். அழிக்காதே.

அவ்வளவுதான். ஊர் பேர் இல்லை. எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டு எழுதினால்கூட மேலே பிள்ளையார் சுழி போடுவோம். சிலுவை போட்டு எழுத ஆரம்பிக்கிற வீடுகளும் மயிலாப்பூரிலேயே உண்டு, கடல் பக்கமாகப் போனால், சாந்தோமில். ஆகவே இந்தக் கதையைச் சாந்தோமில் வைத்தேன்.

பிளாப்பிக்குள் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை, காலி. இப்போதைக்கு இதை நம்புங்கள்.

2

முதல் வரி மூன்று தடவை தவறியது.

"குரலுக்கு எடை உண்டா?" (கேள்வியில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

"1997-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு நோரா என்கிற" (கோர்ட்டில் சாட்சி சொல்கிறேனா?)

"நோரா பயந்தாள்."

இது இருக்கட்டும். இதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் இதற்கு விளக்கவுரையாகத்தான் இருக்கும்.

3

நோரா பயந்தாள். ஐம்பத்து மூன்று வயதில், முப்பது வருஷம் மூன்றாம் வகுப்பை மேய்த்த பிறகு, ஒரு மிஷினுக்குப் பயப்படுவோம் என்று அவள் நினைத்ததில்லை. நாற்பது பிள்ளைகளைக் கண்ணாலேயே உட்கார வைக்கிற டீச்சர். சாந்தோம் ஹைரோடில், நொச்சிக்குப்பத்து மீன்காரிகளோடு பேரம் பேசி ஜெயிக்கிறவள்.

கணவர் ராஜநாயகம் பூகோள ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் முதல் பைபிள் வாசகம் படித்தது பத்தொன்பது வருஷமாக அவர்தான். மைக் கெட்டுப்போன நாளிலும் கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரல். பூசை முடிந்து வெளியே வரும்போது, சாமியாரின் பிரசங்கத்தைவிட இவர் வாசித்தது மனசில் நின்றது என்று ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் அதை மறுக்க மாட்டார்.

1996 பிப்ரவரியில், அடையாறு ஆஸ்பத்திரியில், புற்றுநோய்க்காக அவர் குரல்வளையை எடுத்தார்கள். டாக்டர்கள் நல்லபடியாகச் செய்தார்கள், உயிர் தங்கியது. கழுத்துக்குக் கீழே ஒரு துளை, மூச்சு அந்த வழியாக. அதன் மேல் ஒரு மெல்லிய துணி. பேச்சு போய்விட்டது. நோரா பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சிலேட்டும் பலப்பமும் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் சிலேட்டில்தான். எழுதுவார், காட்டுவார், ஈரத்துணியால் துடைப்பார்.

(சூடாமணி இதுவரை படித்துவிட்டு, "அந்தப் பொம்மனாட்டிக்கு ஒரு வாய் காபியாவது குடுங்கோளேன், வந்ததுலேர்ந்து பயந்துண்டே நிக்கறா" என்றாள். கொடுக்கிறேன். ஐந்தாம் பகுதியில்.)

4

லேப்டாப் வந்தது அதற்கும் முன்னால். மெல்போர்னில் இருக்கும் மகள் ஜொவிட்டா தான் உபயோகித்த பழைய லேப்டாப்பை 1995 கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மடித்தால் பலகைப் பெட்டி மாதிரி கனம். உள்ளே விண்டோஸ் 3.1. வீட்டில் அதைத் தொட்டவர் ராஜநாயகம் ஒருவர்தான். மனைவிக்காக ஒரு நோட்டில் வழிமுறையும் எழுதி வைத்திருந்தார். ஒன்று, பிளக்கை மாட்டவும். இரண்டு, பயப்படாமல் சுவிட்சைப் போடவும்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு ஜொவிட்டா போனில் அழுதாள். அப்பா, அதில் மைக் இருக்கிறது, உங்கள் குரலைப் பதிந்து வையுங்கள் என்றாள். அவருக்கு அது கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருந்தது. அந்த மிஷின் ஒரு தடவைக்கு ஒரு நிமிஷம்தான் பதியும், அறுபதாவது வினாடியில் தானே நின்றுவிடும். பீரியட் மணிக்குப் பழகிய வாத்தியாருக்கு அதில் கஷ்டம் இல்லை. ஒரு வாரத்தில் இருபத்திரண்டு நிமிஷம் பதிந்தார். பேப்பர் படித்தார். ஆறுகளின் பெயரைச் சொன்னார். நவம்பர் இரண்டாம் தேதி குயிபிள் தீவுக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வாசிப்பாரே, குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல், அதையும் வாசித்தார். ஏழாம் நிமிஷம். கடைசிப் பெயருக்கு முன்னால் மணி அடித்துவிட்டது, எட்டாம் நிமிஷம் அந்த ஒரே பெயரில் தொடங்குகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்றாம் வாரம், அவர் தூங்குகிறார் என்று நினைத்து நோரா அதில் ஒன்றைப் போட்டுக் கேட்டாள். திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் நிற்கிறார். முகம் எப்படி இருந்தது என்று அவளால் பிறகு யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை. சிலேட்டை எடுத்தார்.

"எல்லாவற்றையும் அழித்துவிடு."

அழித்துவிட்டேன் என்று அன்று மாலையே சொன்னாள். அவரிடம் அவள் சொன்ன முதல் பெரிய பொய் அது. அழிக்கவில்லை. நோட்டைப் பார்த்துப் பார்த்து, மிஷினுக்குள்ளேயே பாடம் என்ற பெயரில் ஒரு உறை, அதாவது ஃபோல்டர், உண்டாக்கி, இருபத்திரண்டையும் அதற்குள் தள்ளி மறைத்தாள்.

5

சரி, காபி. 1997 ஆகஸ்டு முதல் வாரம், அடுப்படியில் நின்றபடி நோரா காபி குடித்துக்கொண்டிருந்தபோது மெல்போர்னிலிருந்து பார்சல் வந்தது. பதினாலு பிளாப்பிகள். பதிமூன்று விண்டோஸ் 95. ஒன்று, பேசும் புரோகிராம். அப்பா அடிப்பதை அது வாய்விட்டுப் படிக்கும், ஆனால் பழைய விண்டோஸில் ஓடாது, முதலில் அதை மாற்றுங்கள் என்று ஜொவிட்டா எழுதியிருந்தாள். இங்கிலீஷ்தான் பேசும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் ஏதோ ஒரு மாதிரி சொல்லும், பழகிவிடும் அம்மா.

ராஜநாயகம் அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தார். ஒன்றரை வருஷமாகச் செவ்வாய்தோறும் அடையாறுக்குப் போய் ஒரு வகுப்பில் உட்கார்ந்து வருகிறார். காற்றை விழுங்கி, ஏப்பமாக வெளியே விட்டு, அதிலிருந்து சொல் பிடிக்கும் பயிற்சி. மற்றவர்களுக்கு வந்தது. "எனக்கு வரவில்லை" என்று ஒவ்வொரு செவ்வாயும் எழுதிக் காட்டுவார். அவள் முன்னால் ஒரு தடவைகூட முயன்றதில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக அவர் கண்ணில் ஆசையைப் பார்த்தாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்?

மாற்றிக் கொடுக்க வந்தவள் வஜீஹா. தி.நகரில், உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். கடைக்குப் பெண்தான் முதலாளி என்று நம்பாமல் வருகிறவர்கள் "சார் இல்லையா" என்று கேட்டுக் கேட்டே, அவளுக்கு எடுத்தெறிந்து பேசுகிற பழக்கம் வந்துவிட்டது. மிஷினைத் திருப்பிப் பார்த்தாள்.

"பாட்டரி செத்துப் போய்க்கீது. நடுவுல கரென்ட் போச்சினா இதுவும் இல்ல, அதுவும் இல்ல. முக்கியமானது எதுனா இருந்தா காப்பி எடுத்து வெச்சிக்கோங்க ஆன்ட்டி. அப்பால என்னைக் கேக்கக் கூடாது."

நோரா வாயைத் திறப்பதற்குள் சிலேட்டு வந்துவிட்டது. "உள்ளே ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகவே போடலாம்."

வஜீஹாவுக்கு அது சௌகரியமாகப் போயிற்று. இரண்டு சனிக்கிழமை தள்ளி வருவதாகச் சொன்னாள். நோரா தலையாட்டினாள். அன்றைக்கும் தம்ளரில் பாதிக் காபி ஆறிப்போயிருந்தது.

6

ஒரு நிமிஷக் குரல் ஒரு பிளாப்பியைக் கிட்டத்தட்ட முழுசாக அடைத்துக்கொள்ளும். இரண்டாவதுக்கு இடம் இல்லை. (இதைக் கணக்குப் போட்டுச் சரிபார்த்திருக்கிறேன். 14/23 என்ற சீட்டுக்கு வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.) இருபத்திரண்டு நிமிஷத்துக்கு இருபத்திரண்டு பிளாப்பி. பாண்டிபஜாரில் பத்துப் பத்தாக இரண்டு பெட்டியும் உதிரியாக நாலும் வாங்கி, பள்ளிக்கூடப் பையில், திருத்த வேண்டிய நோட்டுகளுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். உதிரியில் இரண்டு, ஏதாவது கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று கூடுதல்.

சனிக்கிழமைக்குள் இருந்தது இரண்டு செவ்வாய்தான். அவர் எட்டரைக்குப் பஸ் ஏறினால் திரும்பி வரப் பகல் ஒரு மணி ஆகும். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னாள், காரணம் பல்வலி.

முதல் செவ்வாய். சுவிட்சைப் போட்டாள், பயத்தோடுதான். முதல் பிளாப்பியைச் செருகினாள். கர், கர் என்று உள்ளே எதையோ மெல்லுகிற சத்தம். எடுக்கிறதா, தின்கிறதா? காப்பி எடுக்கும்போது மூலம் போய்விடுமா? ஒரு தம்ளரிலிருந்து இன்னொரு தம்ளருக்கு ஊற்றினால் முதல் தம்ளர் காலியாகிறதே. அப்படி ஆகாது என்று நோட்டில் அவரே எழுதியிருந்தார். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் பிறகு இரண்டு பக்கமும் எண்ணினாள்.

எண்ணினால் மட்டும் போதாதே. உள்ளே அவர் இருக்கிறாரா என்று எப்படித் தெரியும்? ஆகவே டிரான்சிஸ்டரின் இயர்போனைச் செருகி ஒவ்வொன்றையும் கேட்டாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது. செத்துப்போன குரல் மறுபடி கேட்கிறதே என்று அவர்கள் பயப்படுவார்கள். (செத்தது குரல் மட்டும்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மாதாவே, குரல் மட்டும்தான்.) கேட்டு முடித்ததும் பேனாவில் மசி நிரப்பி, சிலுவை போட்டு, எண் போட்டு எழுதினாள். 1/22. 2/22.

ஒன்பதாவதில் திரை, பிளாப்பியைப் படிக்க முடியவில்லை என்றது. உதிரிப் பிளாப்பியைப் போட்டுத் திரும்பவும் எடுத்தாள், வந்தது. அதோடு அன்றைக்குப் போதும் என்று மூடினாள். மணி பன்னிரண்டே கால். ஒன்பது பிளாப்பிகளையும் பரண்மேல் இருந்த கிறிஸ்துமஸ் குடில் பெட்டியில், சூசையப்பர் பொம்மைக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கும் இடையில், வைக்கோலுக்குள் செருகினாள். டிசம்பர் வரை அந்தப் பெட்டியை யாரும் தொட மாட்டார்கள்.

7

பதினாலாவது நிமிஷத்தில் என்ன இருந்தது?

இந்த இடத்தில் நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். மற்றதை எல்லாம் எழுதிவிட்டேன், என் கையில் இருக்கும் ஒரே நிமிஷத்தை எழுத முடியவில்லை. முயன்றதை அப்படியே விட்டுவைக்கிறேன்:

"நோரா, நீ பக்கத்தில் இருப்பதால் இதைச் சொல்லக் கூச்சமாக" (சினிமா.)

"கங்கை, யமுனை, கோதாவரி, கிருஷ்ணா, காவேரி. காவேரி தலைக்காவேரியில்" (இதற்கு யார் "அழிக்காதே" என்று எழுதுவார்கள்? எழுதலாம். அவரைத் தெரிந்தவர்கள் எழுதலாம்.)

"யாருப்பா அது, கதவைச் சாத்து, ரெகார்டிங் நடக்கு" (இது எனக்குப் பிடித்தது. ஆனால் மிச்சம் ஐம்பத்தைந்து வினாடி?)

இரண்டாம் செவ்வாய் அவள் பதினாலாவதைப் போட்டுக் கேட்டாள், பாதியில் இயர்போனைப் பிடுங்கி எடுத்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து கேட்டாள் என்று மட்டும் எழுதுகிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

8

இரண்டாம் செவ்வாய் பதினொன்றே முக்காலுக்கு இருபத்திரண்டும் முடிந்தது. நோரா மூச்சு விட்டாள். உறையை மூடுமுன் அதில் இருந்த எல்லாவற்றையும் ஒரு தடவை எண்ணினாள்.

இருபத்து மூன்று.

மறுபடி எண்ணினாள். மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு எண்ணிக்கை தவறாது. இதுவரை எண்ணியது எடுத்து முடித்ததை மட்டும்தான், உறையின் அடிவரை அவள் பார்க்கவேயில்லை. அங்கே, RAJ22 என்பதற்குக் கீழே, RAJ23. பக்கத்தில் தேதி. இந்த வருஷம் மார்ச், ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று பத்து. அவள் வகுப்பில் இருந்திருப்பாள். வீட்டில் அவர் மட்டும்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷத்துக்குப் பிறகு.

இயர்போனைக் காதில் வைத்தாள். குரல் இல்லாத ஒரு மனுஷன் என்ன பதிந்திருப்பார்? போட்டாள். முதலில் ஒன்றுமில்லை. நாற்காலி கிறீச்சிட்டது. வாசலில் மீன்காரி வஞ்சிரம் என்று கூவிக்கொண்டு போனாள். பிறகு தண்ணீர் விழுங்குவது போல ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து ஓர் ஏப்பம். கழுத்துத் துளையில் காற்று சீறுவது. மறுபடி விழுங்கல், மறுபடி ஏப்பம். நீண்ட மௌனம். யாரோ மேஜையைக் கையால் ஓங்கி அடித்தார்கள். யாரோ என்ன, அவர்தான். மறுபடி விழுங்கல். ஐம்பத்தைந்தாவது வினாடி வாக்கில், பானையின் அடியிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம், இரண்டு துண்டாக:

"நோ... ரா."

நின்றுவிட்டது.

அவள் அழவில்லை. பயந்தாள். அவருக்குத் தெரியும். அழிக்கவில்லை என்று மார்ச்சிலேயே, அதற்கும் முன்னாலேயே, தெரியும். ஐந்து மாதமாகத் தெரிந்துகொண்டே ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறார். உள்ளே ஒன்றும் இல்லை, அழிக்கலாம் என்று வஜீஹாவுக்கு எழுதிக் காட்டியதும் தெரிந்துகொண்டேதான். அப்படியானால் உண்மையாகவே அழியட்டும் என்கிறாரா? அல்லது, வேண்டாம் என்று அவள் வாயால் வருகிறதா என்று பார்க்கிறாரா? முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவர் மனசு அவளுக்குப் புரியாமல் போன நாள் அது.

இருபத்து மூன்றாவதையும் எடுத்தாள். உதிரியில் கடைசிப் பிளாப்பி அதற்குப் போயிற்று. பிறகு இருபத்திரண்டு சீட்டிலும் 22 என்பதை 23 ஆக்கினாள்.

(என்னிடம் இருக்கும் சீட்டில் அந்த 3 கொஞ்சம் தடித்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அடியில் ஒரு 2 இருந்தாலும் இருக்கலாம். இந்தப் பகுதி முழுவதும் அந்தத் தடிப்பிலிருந்து வந்ததுதான்.)

9

சனிக்கிழமை காலை வஜீஹா வந்தாள். ஹாலில், சாப்பாட்டு மேஜையில், மிஷினைத் திறந்து வைத்தாள். ராஜநாயகம் பக்கத்து நாற்காலியில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பூசைக்குக் கிளம்புகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். நோரா நின்றுகொண்டிருந்தாள். கரென்ட் போகக் கூடாதே என்று ஃபேன், மிக்சி, டி.வி. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டிருந்தாள், பக்கத்து வீட்டிலும் போய் மோட்டார் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். எல்லோருக்கும் வியர்த்துக்கொட்டியது.

வஜீஹா எதையோ அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். முழுசாக அழித்துவிட்டுப் போடுவதற்கு வேறொரு தட்டு வேண்டுமாம், அது இவர்கள் பார்சலில் இல்லையாம். பழசின் மேலேயே போட்டு மாற்றலாம், ஆனால் இடம் பற்றாது என்றாள். பிறகு நின்றாள்.

"ஆன்ட்டி, இங்க முப்பது எம்.பி. எதுவோ கீது. பாடம்னு போட்டுக்கீது. இன்னா இது, ஸ்கூல் மேட்டரா? இத்தைத் தூக்கிட்டா சரியா பூந்துக்கும். தூக்கிடவா?"

அழிக்கட்டுமா என்று திரையும் கேட்டது. ஆம் என்றால் Y. கூடாது என்றால் N. பக்கத்தில் ஒரு கோடு விட்டு விட்டு மின்னியது.

நோரா அவரைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துத் துணி ஏறி இறங்கியது. சிலேட்டு மடியில் இருந்தது, பலப்பத்தை அவர் தொடவில்லை.

பரண்மேல் இருபத்து மூன்று பிளாப்பிகள் இருக்கின்றன, தூக்கினால்தான் என்ன? இப்படித்தான் அவளும் யோசித்தாள். ஆனால் வைக்கோல் ஈரம், கடல் காற்று, பூஞ்சை. ஒன்பதாவது ஏற்கெனவே ஒரு தடவை கைவிட்டது. சாக்குப் போக்குகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் பயம் வேறு இடத்தில் இருந்தது. இப்போது சரி என்று சொன்னால், அவர் பாடுபட்டுப் பதிந்த அந்த ஒரு சொல்லை அவர் கண்முன்னே கொல்லச் சம்மதிக்கிறாள். வேண்டாம் என்று சொன்னால், அவர் கேட்கிற புதுக் குரலைத் தடுக்கிறாள், கூடவே ஒன்றரை வருஷப் பொய்யையும் ஒரு வெளியாளின் முன்னால் ஒப்புக்கொள்கிறாள்.

பேசத் தெரிந்தவள் பேசவில்லை. குனிந்து அவர் மடியிலிருந்து சிலேட்டை எடுத்தாள். பலப்பத்தால் எழுதி, வஜீஹாவுக்குத் தெரியாமல், அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"23."

அவர் படித்தார்.

10

இங்கே கதை முடிய வேண்டும். மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) அவர் கை நீட்டி N-ஐ அழுத்துகிறார். இருவரும் சிரிக்கிறார்கள். வஜீஹா வேறு எதையோ அழித்து இடம் பண்ணுகிறாள். (எதை? முப்பது எம்.பி. வானத்திலிருந்தா விழும்?)

(ஆ) Y. மாலையில் புது மிஷின் அமெரிக்க உச்சரிப்பில் நோராவைக் கூப்பிடுகிறது. ராஜநாயகம் முகத்தைச் சுளிக்கிறார். அவள் பரணேறி இருபத்து மூன்றாவது பிளாப்பியை எடுத்து வந்து, நீங்கள் சொல்வது இதைவிட நன்றாக இருக்கிறது என்கிறாள். (சூடாமணிக்குப் பிடித்த முடிவு.)

(இ) பதிமூன்றில் ஒன்பதாவது தட்டில் கரென்ட் போகிறது.

மூன்றிலும் ஒரு ஓட்டை. பரணில் இருந்த பதினாலாவது பிளாப்பி ரிச்சி தெருவுக்கு எப்படி வந்தது? "அழிக்காதே" என்று சிலுவை போட்டு எழுதியவள் அதை மூட்டைக்காரனிடம் போடுவாளா? அவள் இருக்கும்வரை போட மாட்டாள். இந்த வரியை எழுதிவிட்டு அன்று நான் மேற்கொண்டு எழுதவில்லை.

அன்று சூடாமணி கேட்டாள்: "அந்தத் தட்டுல ஒண்ணுமே இல்லேன்னு எழுதியிருக்கேளே, நீங்க பாத்தேளா?"

11

இந்தப் பகுதியைக் காகிதத்தில் எழுதுகிறேன். பேனாவால். காரணம் சொல்கிறேன்.

பார்த்தேன். பெட்டியை வாங்கி வந்த அன்றே, வெள்ளைச் சீட்டு உரிவதற்கு நாலு மாதம் முன்னால், பத்துப் பிளாப்பிகளையும் போட்டுப் பார்த்தேன். ஒன்பதில் ஏதேதோ ஆபீஸ் குப்பை. ஒன்றில் ஒரே ஒரு கோப்பு, தட்டு நிறைய. RAJ14. அது ஒலி என்று பெயரின் வாலிலேயே தெரிந்தது. என் மிஷின் ஊமை, ஒலி எழுப்பும் பாகம் அதில் இல்லை. யாருடைய பாட்டோ என்று நினைத்தேன். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. நான் Y அடித்தேன். காபி குடித்துக்கொண்டே, ஒரு பயமும் இல்லாமல். நாலு வினாடிகூட ஆகவில்லை.

ஆக, காலி என்று நான் முதலில் சொன்னது பொய் இல்லை. காலி ஆக்கியவன் யார் என்பதை விட்டுவிட்டேன். நோராவை ஒன்பதாம் பகுதி வரை பயப்பட வைத்தது எதற்கு என்று இப்போது உங்களுக்குப் புரியும். நான் பட்டிருக்க வேண்டிய பயம் அது.

நேற்று ரிச்சி தெருவுக்குப் போனேன். மற்ற இருபத்திரண்டைப் பற்றி மூட்டைக்காரருக்கு எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் ரிப்பேர் பார்ப்பவர் ஒருவர் வேறொன்று சொன்னார். அவசரமாக அழித்தால் உள்ளே இருப்பது போகாதாம். புத்தகத்தில் பொருளடக்கத்தை மட்டும் கிழித்த மாதிரி, பக்கங்கள் அப்படியே இருக்கும். மேலே வேறு எதையாவது எழுதும்வரை. "எதுனா எழுதினியா சார் அதுல?" என்று கேட்டார்.

எழுதினேன். சீட்டு உரிந்து அந்த நீல எழுத்தைப் பார்த்த பிறகும், காலிதானே, பொருத்தமாக இருக்குமே என்று, இந்தக் கதையை அந்தப் பிளாப்பியிலேயே எழுதினேன். திருத்தத் திருத்தத் தனித்தனிப் பெயரில் பதினொரு பிரதி. அவர் கணக்குப் போட்டுச் சொன்னார். நான் எழுதும் இருபத்திரண்டாயிரம் எழுத்துக்கு அந்தக் குரலில் ஒரு வினாடி. பதினொரு பிரதிக்குப் பதினைந்து வினாடி. கேள்வியில் தொடங்கிய அந்த மட்டமான முதல் வரி, பாதியில் விட்ட வாக்கியங்கள், எல்லாம் சேர்த்து. பதினாலாவது நிமிஷத்தில் என்ன இருந்திருக்கும் என்று நான் ஊகித்த வரிகளை, அந்தப் பதினாலாவது நிமிஷத்தின் மேலேயே எழுதியிருக்கிறேன்.

மீதியை மீட்டுத் தர முடியும், விட்டுவிட்டுப் போங்கள் என்றார் அவர். நான் பிளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். பயம். அதில் யாரோ ராஜகோபாலன் பாட்டுக் கற்றுக்கொள்ளும் சத்தம் இருந்தால் என் கதை போயிற்று. நான் எழுதியதே இருந்துவிட்டால் அதைவிடப் பயம். அதைக் கேட்க வேண்டியவன் நான் இல்லை.

ஆகவே முடிவு எழுத மாட்டேன். சிலேட்டைப் படித்துவிட்டு அவர் என்ன செய்தார் என்று உங்களுக்குத் தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள், வேறு பிளாப்பியில்.

கடைசியாக ஒன்று, உங்கள் எல்லோருக்கும் இல்லை. நீல மசியில் அந்தச் சீட்டை எழுதியவருக்கு, அல்லது அந்தக் கையெழுத்தை அடையாளம் தெரிந்த மகளுக்கு. உங்கள் பெயர் நோரா இல்லை, ஜொவிட்டா இல்லை, தெரியும். பத்திரிகை ஆபீஸில் கேட்டால் என் விலாசம் தருவார்கள். பிளாப்பி ஒரு பிஸ்கட் டப்பாவில், ஈரம் படாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கிறது. முதல் பதினைந்து வினாடியை நான் அழித்துவிட்டேன், மன்னியுங்கள். மீதி நாற்பத்தைந்தில் கை வைக்கவில்லை.